மூன்று ரவுட்டர்களில் ஒரு மெஷ் வலையமைப்பு: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஆனாலும் எங்கள் வீட்டு வைஃபை, மூன்று வீடு தள்ளி என் சித்தி டியூஷன் நடத்தும் மாடியை எட்டவில்லை. இடையில் இருப்பவை கம்பி கட்டிய கான்கிரீட் தளங்களும் தண்ணீர்த் தொட்டிகளும். இரண்டுமே அலையை விழுங்குபவை. மூன்று ரவுட்டர்களை மெஷ் முறையில் இணைத்த பிறகே பிள்ளைகளுக்கு இணையம் கிடைத்தது.

மெஷ் அமைப்பில் ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டரின் தரவையும் வாங்கிக் கடத்தும். எந்த வழி நல்லது என்பதைத் தாமே கண்டறியும். இதற்கான 802.11எஸ் என்னும் தரநிலை 2011இல் வெளியானது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற மென்பொருள் அதை நாம் வாங்கும் சாதாரண ரவுட்டர்களிலும் இயக்குகிறது.

ரவுட்டர் வாங்குவதில் அவசரம் வேண்டாம். ரிச்சி தெருவிலோ மூர் மார்க்கெட்டிலோ பழையது வாங்கினால், அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணோடு வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு வெர்ஷன்களுக்குள் வேறு வேறு சிப் இருக்கலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் சாதனப் பட்டியலில் அந்த வெர்ஷனே இருக்க வேண்டும். 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இருந்தால் நிம்மதி. மீடியாடெக் சிப் உள்ளவற்றை நான் விரும்புகிறேன்; பிராட்காம் வைஃபை சிப்களுக்கு இம்மென்பொருளில் ஆதரவு குறைவு. இரட்டை அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும்) கட்டாயம். காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் வெர்ஷனுக்கு உரிய கோப்பை இறக்கி, ரவுட்டரின் அப்கிரேடு பக்கத்தில் ஏற்றுங்கள். முடியும்வரை மின்சாரம் போகக் கூடாது. புதிய மென்பொருளில் வைஃபை அணைந்தே இருக்கும் என்பதால் லேன் கேபிளால் இணைத்து 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்து, முதல் வேலையாகக் கடவுச்சொல் வையுங்கள். இணைய நிறுவனம் தந்த மோடமும் பெரும்பாலும் இதே முகவரியில் இருக்கும். இரண்டும் மோதினால் இணையம் வராது. எனவே மோடத்தோடு இணையும் ரவுட்டருக்கு 192.168.10.1 என்றும், மற்றவற்றுக்கு 10.2, 10.3 என்றும் முகவரியை மாற்றுங்கள். முகவரி வழங்கும் டிஹெச்சிபி முதல் ரவுட்டரில் மட்டும் இயங்கட்டும்; மற்ற இரண்டிலும், அதை அணைக்கும் முன் அடுத்த பத்தியில் சொல்லும் மென்பொருள் தொகுப்பை ஏற்றிவிட்டு, அணைத்த பின் கேட்வே (வெளி இணையத்துக்கான வாசல்), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) இரண்டுக்கும் 192.168.10.1 என்று கொடுங்கள்.

மூன்று ரவுட்டர்களிலும் சாஃப்ட்வேர் பக்கத்தில் ‘டபிள்யூபேட்-பேசிக்’ என்று தொடங்கும் தொகுப்பை நீக்கி, ‘டபிள்யூபேட்-மெஷ்’ என்று தொடங்குவதை நிறுவி, ரவுட்டரை அணைத்து இயக்குங்கள். இதை விட்டுவிட்டால் கடவுச்சொல்லுடன் மெஷ் இணையாது.

பிறகு வயர்லெஸ் பக்கத்தில் நாட்டை இந்தியா என்று வையுங்கள். 2018இல் நம் நாட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி உரிமமின்றிப் பயன்படுத்தத் திறக்கப்பட்டது. ஆனால் ஆற்றல் வரம்பு உண்டு, நாட்டைச் சரியாக வைத்தால் கருவி அதற்குள் நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் 802.11எஸ் முறையைத் தேர்ந்து, மூன்றிலும் ஒரே மெஷ் பெயர், ஒரே சேனல், எஸ்ஏஇ (டபிள்யூபிஏ3 முறையின் கடவுச்சொல் பாதுகாப்பு) பாதுகாப்பில் ஒரே கடவுச்சொல் கொடுத்து, லேன் வலையோடு சேருங்கள். சேனல் 36 அல்லது 149 நல்லது. 52 முதல் 144 வரையுள்ளவை ரேடாருக்கு வழிவிட்டு விலக வேண்டியவை. கைபேசிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் தனி வைஃபை வையுங்கள். ஒரே ரேடியோ கைபேசிக்கும் பேசி அடுத்த ரவுட்டருக்கும் பேசினால் ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்கான ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, ஒன்றையொன்று காண்கின்றன என்று உறுதிசெய்த பிறகே மாடிக்குக் கொண்டுசெல்லுங்கள். நான் அப்படிச் செய்யாமல், எழுத்துப்பிழையான ஒரு கடவுச்சொல்லுக்காக ஒரு மாலை முழுவதும் மூன்று மாடிகள் ஏறி இறங்கினேன்.

மாடியில் ரவுட்டர்கள் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி குறுக்கே வந்தால் இரண்டடி நகர்த்தினாலே இணைப்பு மாறும். சிக்னல் வலிமை மைனஸ் 65 டிபிஎம் (சிக்னலை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் நன்று. மைனஸ் 80ஐ விடக் கீழே போனால் இடத்தை மாற்றுங்கள். இவை மழை தாங்கும் கருவிகள் அல்ல. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றும் பின்களை அரிக்கும். ஆகவே மாடிப்படி அறைக்குள், ஜன்னலை ஒட்டி வையுங்கள். இடையிலுள்ள வீட்டு ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவையுங்கள். அந்த வீட்டில் மின்சாரம் நின்றால் டியூஷன் மாடிக்கும் இணையம் நின்றுவிடும்.