ஊசி எடுக்கும் முன் ஓபிஜியைப் பாருங்கள்: கீழ்த்தாடை பிளாக் பழகுபவர்களுக்கு

பிடிஎஸ் மாணவர்கள் முதலில் பயப்படுவது கீழ்த்தாடை பிளாக்குக்குத்தான், அதாவது கீழ்ப்பற்களுக்குப் போகும் நரம்பை மரக்கச் செய்யும் இன்ஃபீரியர் ஆல்வியோலார் நரம்பு பிளாக் ஊசிக்கு. மேல்தாடையில் எலும்பு மெல்லியது. பல்லருகே போட்டாலே மருந்து ஊறிவிடும். கீழ்த்தாடையில் எலும்பு தடிப்பு. நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்குச் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மருந்தைச் சேர்க்க வேண்டும்.

அந்தத் துளை எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களுக்குப் போடும் உயரத்தில் போட்டுவிட்டேன். உதடு மரக்கவில்லை. அழுகிற குழந்தையை இரண்டாவது முறை குத்த வேண்டியதாயிற்று. ஓபிஜி, அதாவது இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே, எதிரிலேயே மாட்டியிருந்தது. நான் அதில் சொத்தையை மட்டும் பார்த்திருந்தேன். துளை கடிமட்டத்துக்கு, அதாவது மேல் கீழ்ப் பற்கள் கடித்துச் சேரும் மட்டத்துக்கு, கீழே இருந்தது. சிறு குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்கும். வளர வளர மேலே ஏறும்.

இதற்காகவே புதிதாக எக்ஸ்ரே எடுக்காதீர்கள், ஏற்கெனவே இருக்கும் படம் போதும். ஊசி போடும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.

படத்தில் பார்க்க வேண்டியவை

முதலில் நரம்புக் கால்வாய். கடைவாய்ப்பல் வேர்களுக்குக் கீழே இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பட்டையாக ஓடும். அதைப் பின்னோக்கித் தொடர்ந்து போங்கள். தாடையின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் எலும்பான ராமஸுக்குள் ஏறி அது முடியும் இடம்தான் நாம் தேடும் துளை, மேண்டிபுலர் ஃபொராமென். கால்வாய் இரண்டாகப் பிரிந்திருந்தால் ஒரு பிளாக் போதாமல் போகலாம்.

அப்புறம் கீழ்ப்பற்களின் கடிமட்டத்தை ஒட்டி ஒரு கோட்டை ராமஸ் வரை நீட்டுங்கள். துளை கோட்டுக்கு மேலேயா, அதே மட்டமா, கீழேயா? சாய்ந்த கடைவாய்ப்பல்லை வைத்துக் கோடு போட்டால் ஏமாந்துவிடுவீர்கள்.

மில்லிமீட்டரில் அளக்க வேண்டாம். ஓபிஜி பெரிதாக்கிக் காட்டும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். ராமஸின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே துளை எவ்வளவு பின்னால் இருக்கிறது என்ற விகிதத்தை மட்டும் மனத்தில் வாங்குங்கள்.

ஒன்றை ஓபிஜி சொல்லவே சொல்லாது: ராமஸ் வெளிப்பக்கம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை. அது தட்டையான படம். வேறு காரணத்துக்காகச் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்திருந்தால் குறுக்குவெட்டில் தெரியும். இல்லையென்றால் கோணத்தை உங்கள் ஊசிதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாய்க்குள்

கட்டைவிரலை ராமஸின் முன்விளிம்பில் குழிந்திருக்கும் கொரனாய்டு நாட்ச்சில் வையுங்கள். சிரிஞ்சை எதிர்ப்பக்க முன்கடைவாய்ப்பற்கள் மேல் சாய்த்துப் பிடியுங்கள். பெரியவர்களுக்குக் கடிமட்டத்திலிருந்து 6 முதல் 10 மிமீ உயரம் வழக்கம். படம் சொன்னபடி ஏற்றி இறக்குங்கள். நீளமான ஊசியே வேண்டும். சாதாரணமாக 20 முதல் 25 மிமீ ஆழத்தில் எலும்பு தட்டும்.

சீக்கிரமே தட்டினால் முனை முன்னால் இருக்கிறது. சற்று வெளியே இழுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கோரைப்பல் பக்கம் நகர்த்தி மறுபடி செலுத்துங்கள். தட்டவே இல்லையென்றால் முனை பின்னால் போய்விட்டது. வெளியே இழுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கடைவாய்ப்பற்கள் பக்கம் கொண்டுபோங்கள். எலும்பு தட்டாமல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். பின்னால் இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் மருந்து போனால் முகநரம்பு மரத்து, சில மணி நேரம் நோயாளியால் அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாது. படம் என்ன சொல்லியிருந்தாலும் இங்கே எலும்பின் பேச்சுதான் முடிவு.

தட்டியதும் 1 மிமீ பின்னிழுத்து, ஆஸ்பிரேட் செய்யுங்கள், அதாவது ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சில் உறிஞ்சிப் பாருங்கள். ரத்தம் வரவில்லையென்றால் பெரியவர்களுக்குச் சுமார் 1.5 மிலி, ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக. குழந்தைக்கு எடை பார்த்து அளவு.

சில நிமிடங்கள் கழித்துக் கீழுதடு மரத்ததா என்று கேளுங்கள். மரத்தாலும் பல்லைச் சோதிக்காமல் தொடங்காதீர்கள்; உதடு மரத்தும் பல்கூழ் வலிப்பதுண்டு. பிறகு, படத்தில் கணித்த உயரத்தையும் எலும்பு தட்டிய ஆழத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதே நோயாளிக்கு ஊசி போடப்போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.