ஏர் ரைபிள் ட்ரிகர் தானாக விடுபடுகிறதா?

தொடாமலே சுடுகிறது, சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டை) எடுத்ததும் வெடிக்கிறது, லேசாகத் தட்டினாலே விடுபடுகிறது. இதில் எது நடந்தாலும் அந்தத் துப்பாக்கியை அன்றே ஓரமாக வையுங்கள்.

பெரும்பாலும் கோளாறு சியரில்தான். ஸ்பிரிங்கால் இயங்கும் ரகத்தில் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கொக்கி அது. முனை தேய்ந்திருக்கலாம், அழுக்கு அடைத்திருக்கலாம். ட்ரிகர் லேசாக இருக்கட்டும் என்று ஸ்க்ரூவை அளவுக்கு மீறித் திருப்பியிருந்தால், பிடிப்பு நூலிழையில் தொங்கும். முதலில் அந்த ஸ்க்ரூவைக் கையேட்டில் சொன்ன பழைய நிலைக்கே கொண்டுவாருங்கள். சரியாகாவிட்டால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். சியரை அரம் போட்டு ராவவே கூடாது. மேலே கடினமாக்கப்பட்ட அடுக்கு தேய்ந்துபோய் இன்னும் மோசமாகும். உள்ளே ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், அதற்கான கருவி இல்லாமல் கழற்றாதீர்கள்.

குழலை மடக்கி ஏற்றும் ரகத்தில் இன்னொரு ஆபத்து: பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) வைக்கும்போது சியர் நழுவினால் குழல் படாரென்று மேலே பாய்ந்து விரலை நசுக்கிவிடும். அதனால் ஒரு கை எப்போதும் குழலை இறுகப் பிடித்திருக்கட்டும். ஏற்கெனவே இழுத்து ஏற்றிய நிலையில் இருந்தால், அப்படியே வைத்துவிடாமல் பாதுகாப்பான பெல்லட் தடுப்பை நோக்கிச் சுட்டு விடுவியுங்கள்.