போட்டானிக் படிகத்தில் அலைவரிசை பிரிப்பு: சறுக்கும் இடங்கள்

சிலிக்கான் தகட்டில் சீரான ஓட்டைகள் போட்டால் அது போட்டானிக் படிகம்; குறிப்பிட்ட அதிர்வெண் வரம்பில் உள்ள ஒளி அதற்குள் பரவ முடியாது. தடைபடும் அந்த வரம்புக்குப் பட்டை இடைவெளி என்று பெயர். அலைவரிசைகளைப் பிரிக்கும் வடிகட்டி அதுதான் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அது வெறும் சுவர். 1550 நானோமீட்டர் பக்கத்தில் அதன் அகலம் நூறு நானோமீட்டரைத் தாண்டும். 100 கிகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் இரண்டு அலைவரிசைகளுக்கு நடுவிலோ சுமார் 0.8 நானோமீட்டர்தான். சில ஓட்டைகளைப் போடாமல் விட்டால் உண்டாகும் கேவிட்டிதான், அதாவது ஒளி சிக்கி நிற்கும் சிறு இடம்தான், பிரிக்கிறது.

கேவிட்டி என்றதும் கியூ மதிப்பை ஏற்றும் ஆசை வந்துவிடும். ஒளியைக் கேவிட்டி எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்ற அளவு அது; அது ஏற ஏற, கடக்கும் அதிர்வெண் அகலம் சுருங்கும். 2003-இல் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு ஓரத்து ஓட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தியே 45,000-ஐ எட்டியது. ஆனால் அது கேவிட்டியின் சொந்தக் கியூ. அது அதிகமாக இருப்பது நல்லதுதான், தகட்டுக்கு மேலும் கீழும் ஒளி கசிவது குறையும். ஒளியைக் கொண்டுவரும் பாதையான அலைவழியோடு இணைத்த பிறகு வரும் கியூ வேறு. அதையும் 45,000 ஆக்கினால் அகலம் 4.3 கிகாஹெர்ட்ஸாகச் சுருங்கும். நொடிக்கு 10 கிகாபிட் சிக்னல் அந்தச் சந்தில் சிதைந்துதான் வெளியே வரும். சரி, அகலத்தை 40 கிகாஹெர்ட்ஸ் வைத்தால்? பக்கத்து அலைவரிசையின் ஒளியில் இருபத்தாறில் ஒரு பங்கு இங்கே கசியும். அதற்கு மருந்து கியூவை ஏற்றுவதல்ல, இரண்டு கேவிட்டிகளை அடுத்தடுத்து இணைப்பது. கடத்தும் வரைகோட்டின் உச்சி தட்டையாகும், ஓரம் செங்குத்தாகும்.

இன்னொன்று, ஒரே மோடு (ஒளி உள்ளே அதிரும் வடிவம்) கொண்ட கேவிட்டியை இரண்டு அலைவழிகளுக்கு நடுவே வைத்துவிட்டு முழு ஒளியையும் எதிர்பார்ப்பது. அது நாலு திசையிலும் சமமாகப் பிரியும், வேண்டிய வாயிலுக்குக் கால்வாசிதான் வரும். ஒரே அதிர்வெண்ணில் பொருந்தும் இரண்டு மோடுகளோ, அலைவழிகளில் சரியான தூரத்தில் எதிரொளிப்பானோ தேவை.

இரு பரிமாண சிமுலேஷனை நம்பி நிற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: அதில் மேல்கசிவே தெரியாது.

அப்புறம் தயாரிப்பு. ஓட்டையின் ஆரம் 1 நானோமீட்டர் பிசகினால், கேவிட்டியின் அலைநீளமும் நானோமீட்டர் கணக்கில் நகரும்; ஒரு அலைவரிசையே தவறிவிடும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.08 நானோமீட்டர். அதனால் பிசகைச் சூடேற்றிச் சரிசெய்யும் ஹீட்டருக்கான இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். ஹீட்டரால் அலைநீளத்தைக் கூட்டத்தான் முடியும், எனவே கேவிட்டியை இலக்கு அலைநீளத்துக்குக் கொஞ்சம் கீழேயே வடிவமையுங்கள்.