பணம் போன பிறகு செய்யும் தவறுகள்: வங்கிப் புகாரில் கோட்டைவிடும் இடங்கள்

எங்கள் ஊர் நுகர்வோர் குழுவுக்கு இப்போது கல்லூரி முடித்த பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். கணக்கிலிருந்து பணம் களவு போனவர்களுக்கு வங்கிப் புகார் எழுதிக்கொடுக்கும் வேலையை அவர்களிடம் விட்டிருக்கிறோம். நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் எங்கெங்கே கோட்டைவிட்டோமோ, அச்சுப் பிசகாமல் அங்கங்கேயே அவர்களும் கோட்டைவிடுகிறார்கள். ஓடிபியைச் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதையெல்லாம் வங்கியே எஸ்எம்எஸ் அனுப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில், களவு போன பணத்தில் யார் எவ்வளவு நஷ்டம் ஏற்க வேண்டும் என்ற கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது இது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது, எப்போது புகார் கொடுத்தாலும் சரி. வங்கியும் காரணமில்லை, வாடிக்கையாளரும் காரணமில்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால் நாள் கணக்கு வருகிறது. மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரவேண்டும். நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு வரம்பு வரை நஷ்டம் நம்முடையது: ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு 5,000 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000. ஏழு தாண்டினால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி.

வாயால் சொல்லிவிட்டு வருவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பக்கத்து ஊர் அம்மா ஒருவர். நூறு நாள் வேலைக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் சேர்ந்திருந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. ஏஇபிஎஸ் வழியாக, அதாவது ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்து, மூன்று தடவை பத்தாயிரம் பத்தாயிரமாக எடுத்துவிட்டார்கள். வங்கியில் பதிவான செல்போன் எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் அவன் அம்மாவுக்குப் போன் செய்தான், மறுநாள் காலையிலேயே அவர் கிளைக்குப் போய்விட்டார். இதுவரை எல்லாம் சரி. மூன்று வேலை நாளுக்குள் வந்தாயிற்று.

கவுண்டரில் இருந்தவர் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சர்வர் கோளாறா இருக்கும்மா, திங்கட்கிழமை வந்து பாருங்க" என்றிருக்கிறார். திங்கட்கிழமை அவர் விடுப்பு. அடுத்து வந்தவருக்கு விவரம் தெரியாது. மேலாளர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அந்த அம்மா கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி ஏறி அலைந்து, எங்களிடம் வந்து சேரும்போது நான்காவது வாரம். எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டால், "அதான் நேர்ல போய்ச் சொல்லிட்டேனே தம்பி" என்கிறார்.

நாங்கள் எழுதிக்கொடுத்த புகாருக்கு வங்கியிலிருந்து வந்த பதில் நான்கே வரி: வாடிக்கையாளர் ஏழு வேலை நாள் கழிந்த பிறகே தெரிவித்துள்ளார், எனவே பொறுப்பேற்க இயலாது. அவர்கள் ஆவணப்படி அது உண்மை. முதல் புகார் நான்காவது வாரத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அந்த முதல் நாளே ஒரு புகார் எண் வாங்கியிருந்தால் முப்பதாயிரமும் திரும்பியிருக்க வேண்டும். ஏழாம் நாள் வாங்கியிருந்தால்கூட அதிகபட்சம் பதினைந்தாயிரத்தோடு போயிருக்கும்.

பணம் எடுக்கப்பட்ட நாட்களில் அவர் ஏரி வேலையில் இருந்தார், வேலைத்தளத்தில் எடுத்த வருகைப் பதிவுப் படம் இருந்தது. பணம் எடுத்ததோ வேறு மாநிலத்தில். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. அதையும் வைத்து ஒம்புட்ஸ்மேன் வரை, அதாவது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வரை போன பிறகு இருபதாயிரம் வந்தது. மிச்சம் பத்தாயிரம் ஒரு துண்டுச்சீட்டு இல்லாததால் போனது. கவுண்டரில் இருந்தவர் கெட்ட எண்ணத்தில் செய்தாரா என்றால் இல்லை, வரிசையை நகர்த்தினார், அவ்வளவுதான். ஆனால் அவருடைய சோம்பலுக்கு அந்த அம்மா வட்டி கட்டினார்.

ஆகவே தம்பி தங்கைகளே, புகாரை இரண்டு பிரதி எடுங்கள். நம்மிடம் இருக்கப்போகும் பிரதியில் சீல், தேதி, கையெழுத்து மூன்றும் வேண்டும். அவர்கள் கைக்குப் போகும் பிரதியில் மட்டும் சீல் குத்திவிட்டு "சரி, போங்க" என்பார்கள், நகராதீர்கள். வாங்க மறுத்தால் கிளை வாசலிலேயே நின்று வங்கியின் 24 மணி நேர எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். புகார் வந்தவுடன் எண்ணோடு பதில் தருவது வங்கியின் கடமை. எஸ்எம்எஸ் வந்த நேரமும் நம் பதில் போய்ச் சேர்ந்த நேரமும் அவர்கள் பதிவு செய்துவைக்க வேண்டியவை, பின்னால் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்று. புகார் படிவத்தில் "பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். அது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கானது. அங்கே போனால் "பரிவர்த்தனை வெற்றி" என்று ஒரு வரியில் புகாரை மூடிவிடுவார்கள். மனுவின் முதல் வரியே "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் இல்லை" என்று இருக்கட்டும்.

நாளைத் தப்பாக எண்ணுவது

பணம் போன நாளிலிருந்து எண்ணாதீர்கள். வங்கியின் தகவல் நமக்கு வந்த நாளை விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து, கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாட்களை மட்டும் எண்ண வேண்டும். வெள்ளி இரவு எஸ்எம்எஸ் வருகிறது, மறுநாள் இரண்டாம் சனி என்றால் மூன்றாவது வேலை நாள் புதன்கிழமை. நீங்கள் பெங்களூரில் இருந்தாலும் கணக்கு கும்பகோணத்தில் என்றால் பொங்கல் விடுமுறை கணக்கில் சேராது. வங்கி அனுப்பும் "தாமதம்" கடிதங்களைக் கையில் காலண்டரை வைத்துக்கொண்டு படியுங்கள், சில கடிதங்கள் அங்கேயே உடைந்துவிடும்.

1930-க்குச் சொன்னால் போதும் என்பது

போதாது. அது சைபர் மோசடிக்கான உதவி எண், போலீஸுக்கு. வங்கிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஓடிபி சொன்னதை மறைப்பது

வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடுகிறார்கள். ஓடிபியைச் சொல்லியிருந்தாலும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம்தான் நம் தலையில், தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. 10.10-க்கு இருபத்தைந்தாயிரம், 10.20-க்கு நம் போன், 10.35-க்கு இன்னொரு நாற்பதாயிரம் என்றால் அந்த நாற்பதாயிரத்தை வங்கிதான் தரவேண்டும். ஆனால் 10.20 என்பதற்கு ஆதாரம் வேண்டும், திரும்பவும் அதே புகார் எண். பொய் எழுதி மாட்டினால் உள்ளதும் போகும். நாமே யுபிஐ பின் போட்டு அனுப்பிய பணம் என்றால் விவகாரமே வேறு, வங்கிகள் அதை அங்கீகாரமற்றது என்று பொதுவாக ஏற்பதில்லை. இதை வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய செல்போன் எண்ணை மாற்றாமல் விடுவது

வங்கியின் எஸ்எம்எஸ் நம் கைக்கே வராது. இதற்கு மருந்தே இல்லை.

ஏழு நாள் தாண்டியதும் கைகழுவுவது

வங்கியின் கொள்கையைப் படிக்காமல் கைகழுவாதீர்கள். அதை வெளியிட்டாக வேண்டும், இணையதளத்தில் இருக்கும். தாமதமான புகார்களை எப்படித் தீர்ப்போம் என்று அதில் எழுதியிருப்பார்கள். அப்புறம், நாள் கணக்கே வங்கி மேல் தவறில்லாதபோதுதான். குவாஹாத்தி உயர் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், 94,204 ரூபாயை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர ஸ்டேட் வங்கிக்குப் பொறுப்பு உண்டு என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உறுதி செய்தது. அதிலும் அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்தது முக்கியமாகப் பேசப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

தற்காலிக வரவைப் பார்த்து அடங்கிவிடுவது

புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் பணத்தைக் கணக்கில் வரவு வைப்பார்கள். அது நிழல் வரவு, கொண்டாடாதீர்கள். 90 நாளுக்குள் முடிவெடுக்கும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

அவசரப்பட்டு ஒம்புட்ஸ்மேனிடம் ஓடுவது

வங்கிக்கு எழுதி 30 நாள் பதில் வராமல் இருக்க வேண்டும், அல்லது வந்த பதில் திருப்தியில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் மூலம் போடக் கூடாது. நீங்கள் பிரதிநிதியாகப் போவதென்றால் அந்த அம்மாவிடம் ஒப்புதல் கடிதம் எழுதி வாங்கி இணையுங்கள், சீல் குத்திய அந்த முதல் பிரதியையும்.