டெல்மிசார்ட்டானைக் குறைந்த செலவில், பாதுகாப்பாகச் சாப்பிட

இரத்த அழுத்தத்துக்கு ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய டெல்மிசார்ட்டானின் செலவைக் குறைக்க நினைப்பவர்கள், முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பி, நிறுவனம் வைத்த பெயரை விட்டுவிட்டு, மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதிக்கொள்ள வேண்டும். பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்றிருந்தால் இன்னொரு இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினும், 'எச்' என்றிருந்தால் சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பொதுவாகச் சேர்ந்திருக்கும். இந்த எழுத்து மாறினால் மருந்தே மாறிவிடும் என்பதால், விலையைக் கேட்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

அந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டி, மூலப்பெயரிலேயே சீட்டு எழுதித் தரக் கேளுங்கள். பிரதமரின் மக்கள் மருந்தகங்களிலும், தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மூலப்பெயரில் விற்கும் இதே மருந்து பெரும்பாலும் பிராண்டு மாத்திரையைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அட்டைக்கு 10 மாத்திரை, 15 மாத்திரை என்று வேறுபடுவதால், ஒரு மாத்திரைக்கு என்ன விலை என்று கணக்கிட்டே ஒப்பிட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இரத்த அழுத்த மாத்திரை இலவசம். செலவு கட்டுப்படியாகாமல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குபவர்கள் தயங்காமல் அங்கே செல்லுங்கள். ஆனால் அங்கே எனலாப்ரிலோ லோசார்ட்டானோ கொடுத்தால், ஏற்கெனவே டெல்மிசார்ட்டான் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். இவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், இரத்தத்தில் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனைக்கும் பொட்டாசியம் பரிசோதனைக்கும் ஒதுக்குவது மிக அவசியம் என்பேன். மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ சில வாரங்களுக்குள் ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்குத் தாமாக டைக்குளோஃபினாக் வாங்கி விழுங்குவதும், சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புக்கு மாறுவதும் வேண்டாம்; அந்த உப்பில் பொதுவாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும்.

டெல்மிசார்ட்டான் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைக்காமல், சாப்பிடும் நேரத்தில் அட்டையிலிருந்து எடுங்கள்.

கருவுற்றிருப்பவர்கள் இதைச் சாப்பிடக்கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, எழுந்து நிற்கையில் தலை சுற்றினாலோ, அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். முகமோ உதடோ வீங்கினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.