ஹோட்டன் சமவெளி: விடியுமுன் புறப்படுங்கள்

ஊர்க்கோயில் திருவிழா, சொந்தக்காரர் வீடுகள் என்று விடுமுறை கரைந்த பின் மிஞ்சும் இரண்டு நாளை இலங்கையின் மலையகத்துக்கு ஒதுக்குபவர்களில் பலர், நுவரெலியா ஏரிக்கரையோடு திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏறினால், 2,100 மீற்றருக்கு மேல் ஹோட்டன் சமவெளி விரிகிறது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டில் கைவைக்க வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் கூறிய ஆலோசனையால் தப்பிய காடு இது. 1988இல் தேசியப் பூங்காவானது.

‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பள்ளம் ஏறத்தாழ 870 மீற்றர் இறங்குகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும். கீழே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் தகரக் கூரைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவை ஒவ்வொன்றாக மறைந்து, எதிரே வெள்ளைச் சுவர் மட்டும் நிற்கும். ஆகவே நுவரெலியாவில் தங்கி, ஐந்து மணிக்கு முன்பே வாகனத்தில் ஏறிவிடுங்கள். ஒகிய நிலையம் வரை ரயிலில் வருவது அழகான பயணந்தான் என்றாலும், பகல் ரயிலில் வந்து அன்றே மேலே ஏறினால் பனியைத்தான் பார்ப்பீர்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர், இங்கே பிறந்தவரானாலும், வெளிநாட்டவருக்கான கட்டணமே செலுத்த வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லவும். வாயிலில் பைகளைச் சோதித்து, பொலித்தீன் உறைகளை அகற்றி, தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் கிழித்துவிடுவார்கள் என்பதால், சாப்பாட்டை முதலிலேயே டப்பாவில் கட்டிக்கொள்வது நல்லது.

சுற்றுப்பாதை சுமார் ஒன்பது கிலோமீற்றர். பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சேர்த்து மூன்று மணி நேரம் பிடிக்கும். ஈரக்கல்லில் வழுக்காத சப்பாத்து அவசியம். ரொறன்ரோக் குளிருக்குப் பழகியவர்கள் சிரிக்கலாம்; ஆனாலும் தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி படிவதுண்டு என்பதால் ஸ்வெட்டர் தேவைப்படும். அந்த மாதங்களில்தான் மழையும் குறைவு. வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் பிஸ்கட் கேட்டு நெருங்கி வரும், கொடுக்காதீர்கள்.

திரும்பும்போது ஒகிய பக்கம் இறங்கி அப்புத்தளைக்குப் போகலாம். அங்கே மலைமுதுகு மிக ஒடுங்கியிருப்பதால், ஒரே தெருவில் நின்று தெற்கே தாழ்நிலத்தையும் வடக்கே ஊவா மலைகளையும் பார்த்துவிடலாம்.