ஹைடே மணலில் கிராவல் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை ஹாண்டெலோ ரயில் நிலையத்தில் மூன்று தம்பிகள் எனக்காகக் காத்திருந்தார்கள். மூவரும் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறவர்கள், மூவரிடமும் புது கிராவல் சைக்கிள், அதாவது சரளை, மண் பாதைக்கென்று செய்த அகல டயர் சைக்கிள். அதில் ஒருவன் முன் டயரைத் தட்டிக் காட்டி, "நேத்து ராத்திரியே காத்து அடிச்சு வச்சிட்டேன் அண்ணா, கல்லு மாதிரி இருக்கு" என்றான். முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வருடம் முன்னால் இதே நிலையத்தில், இதே கல்லு மாதிரி டயரோடு நானும் இறங்கியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட் போடுங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹைடே என்றால் ஹீதர் என்ற குட்டைப் புதர்ச்செடி படர்ந்த திறந்தவெளி. ஹாம்பர்க்குக்குத் தெற்கே இருக்கும் லூனெபுர்கர் ஹைடே, ஜெர்மனியின் மிகப் பழைய இயற்கைக் காப்பகங்களில் ஒன்று. சுமார் 234 சதுர கிலோமீட்டர். நடுவில் வில்சேடே என்று ஒரு சின்ன ஊர். வெளியிலிருந்து வருகிறவர்கள் அங்கே காரில் போக முடியாது. நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், குதிரை வண்டியில் போகலாம். பின்னால் லாரி வருகிறதா என்று ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் மணிக்கணக்கில் ஓட்டலாம். அந்த நிம்மதிக்காகவே நான் வருடத்துக்குப் பத்துத் தடவையாவது போகிறேன். ஆனால் தரை முழுக்கப் பனியுகத்துப் பனிப்பாறைகள் விட்டுப்போன மணல். கார் இல்லாத பாதை என்பதால் சுலபமான பாதை என்று நினைத்து வருகிறவர்களை அந்த மணல்தான் கவிழ்க்கிறது.

கல்லு மாதிரி டயர்

எனக்கு இன்றுவரை எரிச்சல் தரும் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நானும் சைக்கிளும் பையும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் 4 பார் (காற்றழுத்த அளவு) காற்று இருந்தால், இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 21 சதுர சென்டிமீட்டர். காற்றை 2 பாருக்கு இறக்கினால் அது 42 ஆகிவிடும். அதே எடை, இரண்டு மடங்கு இடம். கெட்டித் தார்ச்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. மணலில் 2 பார் டயர் மிதக்கும், 4 பார் டயர் கத்தி மாதிரி இறங்கும்.

"ஹார்டா இருந்தா வேகமா போகுமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வழவழப்பான தரையில் அதில் ஓரளவு உண்மை உண்டு. சரளையில் கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் எம்பிக் குதிக்கிறது. முன்னால் தள்ள வேண்டிய உங்கள் உழைப்பு உங்களை மேலே தூக்குவதில் செலவாகிறது. இளகிய டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருண்டு போகும்.

அன்று எனக்கு நடந்தது இது. சைக்கிள் வாங்கிய கடையில் 4 பார் அடித்துக் கொடுத்திருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்த எண் தாங்கக்கூடிய அதிகபட்சம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதுவே சரியான அளவு என்று நம்பினேன். உண்டெலோ என்ற ஊரைத் தாண்டி முதல் மணல் வந்ததும் முன்சக்கரம் புதைந்தது. இரண்டு தடவை இறங்கித் தள்ளினேன். மூன்றாவது தடவை பொறுமை போய், பாதை ஓரத்து ஹீதர் செடிகளின் மேல் ஏற்றினேன். செடிகளுக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது, தெரியவில்லை. வலது பக்கமாக விழுந்தேன்.

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான் என்று எழுந்து மறுபடி ஓட்டினேன். பின்பக்க கியர் மாற்றியைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்கள், அது உள்பக்கம் வளைந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. வில்சேடர் பெர்க் என்ற குன்றின் ஏற்றத்தில் கடைசி கியருக்கு மாற்றினேன். கியர் மாற்றி ஆரக்கம்பிகளுக்குள் போய்ச் சிக்கியது. ஒரு முறுக்கு, ஒரு சத்தம். கியர் மாற்றி பிய்ந்து தொங்கியது, மூன்று கம்பிகள் போயின, செயின் முறுக்கிக்கொண்டது. அந்தக் குன்றின் உயரம் வெறும் 169 மீட்டர். அங்கிருந்து ஹாண்டெலோவுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக்கொண்டே வந்தேன். பழுதுபார்க்க முந்நூறு யூரோவுக்குக் கிட்ட ஆனது. ஆரம்பம் எது என்று பார்த்தால், இரண்டு பார் அதிகக் காற்று.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது நான் மிதித்த அந்த ஓரம். ஹைடே தானாக நிற்கும் நிலம் கிடையாது. காட்டை வெட்டி, ஆடு மேய்த்து, மேல்மண்ணைச் செடியோடு செதுக்கியெடுத்துப் பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் உண்டாக்கியது. இன்றும் ஹைட்ஷ்னுக்கே என்ற உள்ளூர் இனச் செம்மறி ஆடுகள் முளைவிடும் பிர்ச், பைன் கன்றுகளைக் கடித்துத் தின்பதால்தான் அது காடாகாமல் இருக்கிறது. இந்த நிலத்தைக் காப்பாற்ற வில்ஹெல்ம் போடே என்ற பாதிரியார் அலைந்து திரிந்து, 1906-இல் டோட்டன்குருண்ட் பள்ளத்தாக்கை வாங்க வழிசெய்தார். அப்படிக் காத்த செடியின் முதிர்ந்த தண்டு சக்கரம் ஏறினால் மளுக்கென்று ஒடிகிறது. ஒருவர் ஓரத்தில் போனால் அடுத்தவர் அந்தத் தடத்திலேயே போகிறார், ஒரு பாதை மூன்றாகிறது. ஹீதர் வானம்பாடி போன்ற பறவைகள் இங்கே தரையில்தான் கூடு கட்டுகின்றன. பாதையை விட்டு விலகக் கூடாது என்பது காப்பகத்தின் சட்டமும்கூட.

சரி, எவ்வளவு காற்று? 40 மில்லிமீட்டர் டயர், மேலே சொன்ன எடை என்றால், உள்ளே டியூப் இருந்தால் முன்னால் 2.2, பின்னால் 2.4. டியூப்லெஸ் என்றால் 1.8, 2.0. எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். இதற்கும் கீழே ஒரேயடியாக இறக்காதீர்கள். வில்சேடே வழியில் உருளைக்கல் பதித்த இடங்கள் உண்டு. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். 2.5 பாரும் 4 பாரும் விரலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அளவுமானி ஒன்று பையில் இருக்கட்டும்.

அப்புறம், ஒருதரம் விழுந்தால், அதுவும் வலது பக்கம் விழுந்தால், பின்னால் குனிந்து ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். மாற்று ஹேங்கர் ஒன்று பையில் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது வேறு வேறு வடிவம்.

மணலுக்குள் போனபிறகு யோசிப்பது

கியரை மணலுக்கு முன்பே குறையுங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் நேராகப் போங்கள். முன்சக்கரம் தானாகக் கொஞ்சம் அலையும், அலையட்டும். இறுக்கிப் பிடித்துத் திருப்பினால்தான் விழுவீர்கள். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். மழை பெய்த மறுநாள் மணல் இறுகியிருக்கும், அன்று போனால் பாதி வேலை மிச்சம். அப்படியும் முடியவில்லையா, இறங்கிப் பாதையின் நடுவிலேயே தள்ளுங்கள். நான் இன்றும் தள்ளுகிறேன்.

குதிரை வண்டியைச் சத்தமில்லாமல் முந்துவது

கிராவல் சைக்கிள் வரும் சத்தம் குதிரைக்குப் பழக்கமில்லாதது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, மணியடிக்காமல் வாயால் "ஹலோ" என்று சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரைக்கு வருவது யார் என்று புரிந்துவிடும். வண்டியோட்டி கை காட்டியபிறகு அகலமாக விலகிப் போங்கள்.

ஆட்டு மந்தைக்குள் புகுவது

இறங்கி நில்லுங்கள்.

பூக்காலத்தில் நடுமதியம் போவது

ஆகஸ்ட் 8 முதல் செப்டம்பர் 9 வரை பூக்காலம் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. மலையெல்லாம் ஊதா. ஞாயிறு மதியம் வில்சேடேயில் சைக்கிள் நகராது, அவ்வளவு கூட்டம். வார நாளில் போங்கள், அல்லது காலை ஒன்பதுக்குள் உள்ளே இருங்கள்.

தண்ணீர்

ஒரு பாட்டில் போதாது. நிழல் இல்லை.

உண்ணியை மறப்பது

வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். சில நாள் கழித்து அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் டாக்டரிடம் போங்கள்.